சம்ஸ்கிருதம் காலத்தோடு எப்படி மாறியது? மூலத்தைத் திறந்து நீங்களே பார்க்க ஒரு வழிகாட்டி

சம்ஸ்கிருதம் மாறவே மாறாத மொழி என்று நம்புகிறவர்கள் பலர். மூவாயிரம் வருடம் ஒரு மொழி மாறாமல் இருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது. சம்ஸ்கிருதத்துக்கு இலக்கணம் வகுத்த பாணினிக்கு முன்னால் சொல்லின் உருவமே மாறியது. ஒலி, விகுதி, வினைவடிவம் எல்லாம் மாறின. பாணினிக்குப் பின்னால் உருவங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. ஆனால் அவற்றில் எதை எடுத்து ஆள்வது, எதை விட்டுவிடுவது, வாக்கியத்தை எப்படிக் கட்டுவது என்பது தொடர்ந்து மாறியது. ஆகவே எந்தக் காலத்து நூல் கையில் இருக்கிறதோ, அதற்கேற்ப நாம் தேடும் இடமும் மாற வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்குப் பெரிய புலமை தேவையில்லை. ராம சப்தம், அதாவது 'ராம' என்ற சொல்லின் வேற்றுமை வாய்பாடு, மனப்பாடமாக இருக்க வேண்டும். கச்சதி, கச்சத:, கச்சந்தி என்று ஒரு வினையைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒலி, விகுதி, வாக்கியம், சொல் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு மாற்றத்தையும், எந்த நூலில் எந்த இடத்தில் என்ற குறிப்போடு, இந்த நான்கில் ஒன்றில் எழுதுங்கள். காலம் போகப் போக முதல் இரண்டு பகுதிகளில் எழுத ஒன்றும் இருக்காது, பின்னிரண்டும் நிரம்பி வழியும். மேலே நான் சொன்னது சரிதானா என்று அதை வைத்தே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்தில் எண்குறி போட்டு அச்சிட்ட சுலோகப் புத்தகங்கள் பாராயணத்துக்குப் போதும், இந்த வேலைக்குப் போதாது. தேவநாகரியோ கிரந்தமோ ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கிரந்தம் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகள் சம்ஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்து. நாம் எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். சம்ஸ்கிருதம் என்றாலே தேவநாகரி என்ற நிலை அச்சு பரவிய பிறகு வந்தது. இந்தக் கட்டுரையில் மேற்கோள்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். துல்லியமான ஒலிக்கு மூலத்தைப் பாருங்கள்.

முதல் படி: அக்னி சூக்தத்தின் ஒன்பது மந்திரங்கள்

ரிக் வேதத்தில் 1028 சூக்தங்கள் (துதிப்பாடல்கள்) இருக்கின்றன. உங்களுக்கு இப்போது முதல் சூக்தம் மட்டும் போதும். ஒன்பதே மந்திரங்கள். வேத மொழிக்கும் பிந்தைய சம்ஸ்கிருதத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடுகளில் பலவற்றை இந்த ஒரு பக்கத்திலேயே பார்த்துவிடலாம். அவசரப்படாமல் இங்கே சில நாள் தங்குங்கள்.

முதல் மந்திரம் 'அக்னிமீளே புரோஹிதம்' என்று தொடங்குகிறது. 'ஈளே' என்றால் போற்றுகிறேன். அதில் வரும் ளகாரத்தைக் கவனியுங்கள். பிந்தைய சம்ஸ்கிருதத்தில் அது 'ஈடே'. ரிக் வேதத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் டகாரம் ளகாரமாக ஒலிக்கும். அடுத்த மந்திரத்தில் அதே வேரிலிருந்து 'ஈட்யோ' என்ற சொல் வருகிறது. அங்கே பக்கத்தில் யகரம் நிற்பதால் டகாரம் அப்படியே இருக்கிறது. இதை 'ஒலி' பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. 'அக்னி: பூர்வேபிர் ருஷிபிர் ஈட்யோ நூதனைருத'. முன்னிருந்த ரிஷிகளாலும் இன்றுள்ளவர்களாலும் போற்றத்தக்கவன் அக்னி என்று பொருள். ராம சப்தத்தில் மூன்றாம் வேற்றுமைப் பன்மை என்ன? ராமை:. அதே 'ஐ:' விகுதிதான் 'நூதனை:' என்ற சொல்லில் இருக்கிறது. ஆனால் 'பூர்வேபி:' என்பதில் 'ஏபி:' என்ற வேறொரு விகுதி. ஒரே வேற்றுமை, ஒரே எண், ஒரே வரி, இரண்டு விகுதிகள். இவற்றில் 'ஏபி:' பின்னால் பெயர்ச்சொற்களிலிருந்து மறைந்துவிட்டது. பழையவர்களைக் குறிக்கும் சொல் மறையப்போகும் விகுதியோடும், புதியவர்களைக் குறிக்கும் சொல் நிலைக்கப்போகும் விகுதியோடும் நிற்பது தற்செயலாக அமைந்த அழகு. அசை எண்ணிக்கைக்கு ஏற்றபடி கவிஞர்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

அதே மந்திரம் 'ஸ தேவாம் ஏஹ வக்ஷதி' என்று முடிகிறது. அவன் தேவர்களை இங்கே அழைத்து வரட்டும் என்பது கருத்து. 'வக்ஷதி' என்ற வடிவத்தை நீங்கள் படித்த எந்த வாய்பாட்டிலும் காண முடியாது. ஐந்தாவது மந்திரத்தின் 'தேவோ தேவேபிராகமத்' என்ற அடியில் வரும் 'கமத்' என்பதும் அப்படித்தான். இவை 'லேட்' என்ற வினைவகை. விருப்பம், எதிர்பார்ப்பு, 'நடக்கட்டும்' என்ற பொருள்களைச் சொல்லும். லகாரங்கள் எனப்படும் பத்து வினைவகைகளில் ஒன்றாக அதன் பெயரை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் காவியம் படிக்கும் மாணவருக்கு அதன் உருவங்களைக் கற்றுத் தருவதில்லை. பிந்தைய மொழியில் அது வழக்கில் இல்லை.

ஏழாவது மந்திரத்துக்கு வாருங்கள். 'உப த்வாக்னே திவேதிவே தோஷாவஸ்தர் தியா வயம் நமோ பரந்த ஏமஸி'. அக்னியே, நாள்தோறும் வணக்கம் ஏந்தி உன்னை அணுகுகிறோம் என்பது சாரம். இங்கே இரண்டு விஷயங்கள். வினைக்கு முன்னால் ஒட்ட வேண்டிய 'உப' என்ற உபசர்க்கம் வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்கிறது. வினை கடைசியில் இருக்கிறது. பின்னால் வந்த மொழியில் உபசர்க்கம் வினையோடு ஒட்டியே தீர வேண்டும். அடுத்தது, 'ஏமஸி' என்பதன் 'மஸி'. நீங்கள் கற்ற 'கச்சாம:' என்பதில் உள்ள விகுதி 'ம:' மட்டும். பழைய மொழியில் 'மஸி', 'ம:' இரண்டும் உண்டு. நீளமானது போய்விட்டது.

இந்தச் சூக்தத்தில் இல்லாத இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் 'செய்ய' என்னும் எச்சத்துக்குச் சமமாக வேதத்தில் பல வடிவங்கள் உண்டு. கர்த்தவே (செய்ய), பாதவே (குடிக்க), த்ருசே (காண), ஜீவஸே (வாழ) என்று அவை வெவ்வேறு முடிவுகளோடு வரும். பிறகு எஞ்சியது 'கர்த்தும்' என்ற ஒரே வகைதான்.

இரண்டாம் படி: காயத்ரியை விரல்விட்டு எண்ணுங்கள்

காயத்ரி என்ற சந்தத்தில் அடிக்கு எட்டு அசை, மொத்தம் மூன்று அடி. 'பர்கோ தேவஸ்ய தீமஹி' எட்டு. 'தியோ யோ ந: ப்ரசோதயாத்' எட்டு. 'தத் ஸவிதுர் வரேண்யம்' என்பதை எண்ணினால் ஏழுதான் வரும். 'வரேணியம்' என்று பிரித்துச் சொன்னால் எட்டு சரியாகிவிடும். மந்திரம் இயற்றப்பட்ட காலத்தில் அப்படித்தான் உச்சரித்தார்கள் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இப்படிக் கணக்கு உதைக்கும் அடிகள் ரிக் வேதத்தில் நிறைய. எழுத்தில் மறைந்த ஒலியைச் சந்தம் காட்டிக்கொடுக்கிறது. புதியவர்கள் செய்யக்கூடிய பயிற்சிகளில் இதைவிட எளிதானது வேறில்லை.

அப்புறம் ஸ்வரம். வேத மொழியில் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றும். 'இந்த்ரசத்ரு:' என்ற சொல்லில் ஏற்றம் முதல் பகுதியில் விழுந்தால் 'இந்திரனைத் தன்னைக் கொல்பவனாகக் கொண்டவன்'. கடைசியில் விழுந்தால் 'இந்திரனைக் கொல்பவன்'. இந்திரனைக் கொல்ல ஒருவன் வேண்டும் என்று துவஷ்டா செய்த வேள்வி, ஸ்வரம் தவறிச் சொன்னதால் அவருக்கே எதிராகத் திரும்பியது என்று ஒரு பழங்கதை இதை வைத்துத்தான் பிறந்தது. பாணினி அன்றாடப் பேச்சுக்கும் சேர்த்தே ஸ்வர விதிகள் சொல்கிறார். அதாவது அவர் காலத்தில் அது பேச்சில் உயிரோடு இருந்தது. பிறகு பேச்சிலிருந்து போய், வேதம் ஓதுவதில் மட்டும் தங்கிவிட்டது. ஓதுவதில் இவ்வளவு காலம் தங்கியதற்குக் காரணம் பதம், க்ரமம், ஜடை, கனம் என்று ஒரே மந்திரத்தைப் பல விதமாகப் பின்னிப் பின்னி மனப்பாடம் செய்யும் முறை. இதில் சாகல்யர் செய்த பதபாடத்தைக் கட்டாயம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தியைப் பிரித்து ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தந்திருப்பார்.

மூன்றாம் படி: உபநிஷத உரைநடை

சாந்தோக்ய உபநிஷதத்தின் நான்காம் அத்தியாயத்தில் சத்தியகாம ஜாபாலன் கதையை எடுங்கள். 'ஸத்யகாமோ ஹ ஜாபாலோ ஜபாலாம் மாதரம் ஆமந்த்ரயாம் சக்ரே'. சத்தியகாமன் தன் தாய் ஜபாலையிடம் பேசினான். 'ஆ' என்ற உபசர்க்கம் இப்போது வினையோடு ஒட்டிவிட்டது. 'ஆமந்த்ரயாம் சக்ரே' என்று இரண்டு சொல்லால் இறந்தகாலம் சொல்லும் கூட்டு வினை ரிக் வேதத்தில் கிடையாது. இந்த மொழி சிறு சிறு வாக்கியமாக, 'ஹ', 'வை' போன்ற இடைச்சொற்கள் தூவி, எதிரில் இருப்பவரோடு பேசுவதுபோல் ஓடும். சம்ஸ்கிருத உரைநடையில் மிக இயல்பான நடை இதுதான் என்பது என் எண்ணம். ஒரு வாரம் இதில் செலவிட்டால் காதுக்குப் பழகிவிடும்.

நான்காம் படி: பாணினியைச் சாட்சியாக வையுங்கள்

பாணினி வடமேற்கே, இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சலாதுரத்துக்காரர். காலம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. ஏறத்தாழ 4000 சூத்திரங்கள் கொண்ட அவருடைய அஷ்டாத்யாயியை முழுவதும் படித்த பிறகுதான் அடுத்த அடி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நமக்கு இப்போது வேண்டியது 'சந்தஸி' என்ற ஒரே சொல். 'வேதத்தில்' என்று அர்த்தம். 'இது வேதத்தில் மட்டும் வரும்' என்று அவர் குறிப்பிடும் இடமெல்லாம், அவர் காலத்துப் பேச்சில் அது இல்லை என்பதற்குச் சாட்சி.

அக்னி சூக்தத்தில் நீங்கள் எழுதி வைத்ததை எடுத்து ஒப்பிடுங்கள். எண்கள் அத்தியாயம், பாதம், சூத்திரம் என்ற வரிசையில். 'ஏபி:' என்ற விகுதிக்கு 7.1.10. லேட்டுக்கு 3.4.7. உபசர்க்கம் விலகி நிற்பதற்கு 1.4.82. 'மஸி' என்ற முடிவுக்கு 7.1.46. நீங்கள் பார்த்த விகுதி, வினை மாற்றங்கள் எல்லாவற்றையும் அவரும் பார்த்திருக்கிறார். இந்த இடத்துக்கு வரும் மாணவருக்கு வரும் சந்தோஷம் தனி. ளகாரத்துக்கு மட்டும் ரிக் ப்ராதிசாக்யம் என்ற ஒலியிலக்கண நூலுக்குப் போக வேண்டும்.

அதற்குப் பிறகு பதஞ்சலி, கி.மு. 2ஆம் நூற்றாண்டு. பாணினியின் இலக்கணத்தை ஒட்டி அவர் எழுதிய பேருரையான மகாபாஷ்யத்தின் முதல் பகுதி பஸ்பசாவை மொழிபெயர்ப்போடு படியுங்கள். அங்கே ஒரு வாதம் வருகிறது. ஊஷ, தேர, சக்ர, பேச என்ற வினைமுற்றுகள் இலக்கணப்படி சரி, ஆனால் யாரும் சொல்வதில்லையே என்று. 'ஊஷ' (நீங்கள் தங்கினீர்கள்) என்பதற்குப் பதிலாக 'யூயம் உஷிதா:' என்கிறார்கள். 'சக்ர' (செய்தீர்கள்) என்பதற்குப் பதிலாக 'க்ருதவந்த:' என்கிறார்கள். அதாவது வினைமுற்று இருக்க வேண்டிய இடத்தில், 'செய்தவர்கள்' என்பதுபோன்ற பெயரடை வடிவம் உட்கார்ந்துகொண்டது. உலகம் பெரியது, வேறெங்காவது வழங்கலாம், வேதத்தில் தேடிப் பாருங்கள் என்று பதில் வருகிறது. பதில் எப்படியிருந்தாலும், 2100 வருடத்துக்கு முன் நடந்துகொண்டிருந்த ஒரு மாற்றத்தை இந்தக் கேள்வி பிடித்து வைத்திருக்கிறது. பாணினிக்குப் பிந்தைய மாற்றம் எப்படிப்பட்டது என்று புரிய இந்த ஒரு பத்தி போதும். 'சக்ர' தவறாகிவிடவில்லை, ஆளில்லாமல் போனது. தென்னாட்டார் தத்திதச் சொற்களை (பெயரோடு விகுதி சேர்த்து ஆக்கும் சொற்களை) விரும்புகிறவர்கள் என்று, பாணினிக்குப் பின் வந்த இலக்கண ஆசிரியர் காத்யாயனரைப் பற்றிப் பேசும்போது பதஞ்சலி சொல்வதும் இதே பகுதியில்தான். அந்தக் காலத்திலேயே வட்டாரச் சாயல் இருந்திருக்கிறது.

ஐந்தாம் படி: ஒரு பாறையும் ஒரு நாடகமும்

குஜராத்தில் ஜுனாகத் நகரை ஒட்டி கிர்னார் மலையடிவாரத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் மூன்று காலத்துக் கல்வெட்டுகள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பிராகிருதத்தில் (மக்கள் பேச்சோடு ஒட்டிய மொழியில்) எழுதச் செய்தவை. கி.பி. 150ஐ ஒட்டிச் சகர் இனத்து அரசன் ருத்ரதாமன், உடைந்துபோன சுதர்சன ஏரியைச் செப்பனிட்டதைச் சொல்லும் நீண்ட சம்ஸ்கிருத உரைநடை. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஸ்கந்தகுப்தன் காலத்துச் சம்ஸ்கிருதச் செய்யுள். மக்களுக்கு அறிவிக்கப் பிராகிருதத்தைத் தேர்ந்த காலம் போய், அரசன் தன் பெருமையைச் சம்ஸ்கிருதத்தில் பொறிக்கும் காலம் வந்ததை ஒரே கல்லில் படிக்கலாம். சம்ஸ்கிருதம் வேள்வியையும் பாடசாலையையும் தாண்டி அரசவை மொழியானது இப்படித்தான்.

காளிதாசனின் சாகுந்தலத்தில் அரசன் சம்ஸ்கிருதம் பேசுவான், சகுந்தலை பிராகிருதம் பேசுவாள், ஆறாம் அங்கத்து மீனவன் மாகதி என்ற வேறொரு பிராகிருதம் பேசுவான். சம்ஸ்கிருத வரிகளை மட்டும் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். பதிப்புகளில் பிராகிருத வரிக்குக் கீழே 'சாயா' என்று சம்ஸ்கிருத வடிவம் தந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், நிறுத்தி வைக்கப்பட்ட மொழியும் ஓடிக்கொண்டிருந்த மொழியும் அருகருகே தெரியும்.

பாணினிக்கு அடங்காத சம்ஸ்கிருதமும் இருந்தது. கீதை 11.41இல் 'ஹே ஸகேதி' என்ற சந்தி விதிப்படி அமையாதது. 12.8இல் வரும் 'நிவஸிஷ்யஸி' என்பது விதிப்படி 'நிவத்ஸ்யஸி' என்று இருக்க வேண்டும். இவற்றை ஆர்ஷம், ரிஷிகளின் வழக்கு, என்று உரைகாரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மகாவஸ்து போன்ற பௌத்த நூல்களில் 'பிக்ஷோ:' (பிக்ஷுவின்) என்பதற்குப் பதிலாகப் பிராகிருதப் போக்கில் 'பிக்ஷுஸ்ய' என்று வரும். பிழை என்று ஒதுக்காமல் 'விகுதி' பகுதியில் எழுதுங்கள். அந்தப் பகுதியில் கடைசியாகச் சேரும் சரக்கு அநேகமாக இதுதான்.

ஆறாம் படி: வினையை எண்ணுங்கள்

பாணரின் காதம்பரியில் ஒரு பக்கம் எடுங்கள். 7ஆம் நூற்றாண்டு. வரிக்கு வரி நீளமான தொகைச் சொற்கள். முடிக்கும் வினைக்காக வெகுதூரம் காத்திருக்க வேண்டும். இப்போது சத்தியகாமன் கதைக்குத் திரும்பி, அதே நீளத்தில் எத்தனை வினைமுற்று என்று எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் அறையும். ரிக் வேதத்தின் தொகைகள் பெரும்பாலும் இரண்டு சொல்லோடு நின்றுவிடும். காஞ்சியில் வாழ்ந்த தண்டி, தொகைச் செறிவான ஓஜஸே உரைநடையின் உயிர் என்று காவ்யாதர்சத்தில் எழுதினார். நம் தண்டியலங்காரத்துக்கு மூலம் அந்த நூல்தான்.

சாஸ்திர நடை இன்னும் ஒரு படி மேலே போனது. 'பர்வதோ வஹ்னிமான் தூமாத்'. மலை நெருப்புடையது, புகையால். வினையே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசர் தொடங்கிவைத்த நவ்ய நியாயம் என்ற புதிய தருக்க முறையில், 'அவச்சேதகம்', 'அவச்சின்னம்' என்று பெயர்களாலேயே ஒரு கருத்தை அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். இதைத் தனியாகக் கற்க வேண்டும். காவியம் தெரிந்தவருக்கும் அது புதிய மொழிபோலத்தான் இருக்கும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஏழாம் படி: சொற்களின் பயணம்

மோனியர் வில்லியம்ஸ் அகராதியின் 1899 பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எந்த நூலில் வருகிறது என்ற சுருக்கக் குறி இருக்கும். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நீங்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். 'அசுர' என்ற சொல்லைத் தேடுங்கள். ரிக் வேதத்தில் அது வருணன் போன்ற தெய்வங்களுக்கே அடைமொழி. பிறகுதான் பகைவரைக் குறித்தது. அதிலிருந்த அகரத்தை எதிர்மறை என்று எண்ணி 'சுர' என்ற சொல்லைப் பின்னால் உருவாக்கிக்கொண்டார்கள். புனே டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய அகராதிப் பணி, ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் நூல் வரிசையில் தருவதற்காகவே நடப்பது. அது வெகு விரிவானது. எட்டினால் அதையும் பாருங்கள்.

கேந்திரம், ஹோரை இரண்டும் கிரேக்கத்திலிருந்து ஜோதிடத்தோடு வந்தவை. 'தீனார' என்ற நாணயப் பெயர் லத்தீன் மூலம் கொண்டது. 'லிபி' பழைய பாரசீகத்திலிருந்து வந்தது, பாணினிக்கே தெரியும். நீர, மீன போன்றவை திராவிடத்திலிருந்து போனவை என்று பர்ரோ போன்ற மொழியியலாளர்கள் காட்டினார்கள். பேச்சை மேற்கோளாக்க முடிவில் 'இதி' போடுவதும் நாம் 'என்று' போடுவதும் ஒத்துப்போவதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். ஓசை ஒத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து, இது அங்கிருந்து வந்தது, அது இங்கிருந்து போனது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் எந்த நூலில் வருகிறது, உறவு மொழிகளில் அதற்கு இனச்சொல் உண்டா, ஒலி மாற்றம் மற்ற சொற்களிலும் அப்படியே நடந்திருக்கிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகு பேசுங்கள். தமிழ், சம்ஸ்கிருதம் இரண்டுக்கும் நாம் செய்யும் மரியாதை அது.

இன்னொரு கண்ணி வேறு மாதிரியானது. பழைய வடிவம் இருந்தால் நூலும் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. பாகவத புராணத்தில் வேத காலத்து உருவங்கள் அங்கங்கே தென்படும். ஆனால் அதே நூலின் பதினோராம் ஸ்கந்தம் திராவிட நாட்டில் பக்தர்கள் மிகுதி என்று சொல்லி, தாமிரபரணி, காவேரி என ஆறுகளின் பெயரை அடுக்குகிறது. ஆழ்வார்களின் காலத்தையொட்டியோ அதற்குப் பின்னரோ தென்னாட்டில் உருவான நூல் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேதத்தின் கம்பீரம் வேண்டி, வேண்டுமென்றே பழைய மொழியைக் கையாண்டிருக்கிறார்கள். ஆகவே பழைய உருவம் கிடைத்தால், அதோடு சேர்ந்து நிற்கும் புதிய உருவங்களையும் தேடுங்கள். நூலின் காலத்தைச் சொல்பவை அந்தப் புதியவைதான்.

கடைசிப் படி: இன்றைய சம்ஸ்கிருதம்

2011 கணக்கெடுப்பில் 24,821 பேர் சம்ஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று பதிவு செய்தார்கள். அகில இந்திய வானொலி 1974 முதல் சம்ஸ்கிருதச் செய்தி ஒலிபரப்புகிறது. பேச்சு வகுப்புகளில் சொல்லித்தரும் எளிய சம்ஸ்கிருதத்தையும் கேளுங்கள். இருமையை (இரண்டைக் குறிக்கும் எண்ணை) கூடியவரை தவிர்க்கிறார்கள். 'நீ' என்பதற்கு 'பவான்', 'பவதீ' சொல்லி, வினையைப் படர்க்கையில் முடிக்கிறார்கள். இறந்தகாலத்துக்கு 'கதவான்', 'க்ருதவான்'. பதஞ்சலி நூலில் பார்த்த அதே 'க்ருதவந்த:' என்பதன் ஒருமைதான் இது. லிட் லகாரம், அதாவது 'ஊஷ', 'சக்ர' போன்ற பழைய இறந்தகாலம், பேச்சில் தலைகாட்டுவதே இல்லை. கணினிக்கு 'சங்கணகம்', தொலைக்காட்சிக்கு 'தூரதர்சனம்' என்று பழைய வேர்களிலிருந்து புதிய சொற்களும் வருகின்றன. ஒரு வாரச் செய்தியைக் கேட்டு, வாக்கியத்தில் வினை எங்கே நிற்கிறது, தொகை எத்தனை சொல் நீளம், ஹிந்தியின் சாயல் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். கிடைப்பதை வாக்கியம், சொல் இரண்டு பகுதிகளிலும் தேதியோடு எழுதி வையுங்கள்.